கண்ணாடிக்கு இரண்டு காவல்

தங்கையின் ஸ்ட்ரா திரும்பியிருந்தது.

வேறொரு தம்பதியின் கருவை எடுப்பதற்காக கூடையை டேங்கின் கழுத்துவரை தூக்கியபோதுதான் அதைக் கவனித்தேன். லேபிள் சுவர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்தவள் நான். இப்போது அது வாசல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. குளிருக்காகத் திரவ நைட்ரஜன் ஊற்றும்போது அது கொதித்துக் கொஞ்சம் ஆட்டும்தான். ஆனால் இப்படி முழுசாக முதுகைத் திருப்பி வைக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் லேபில் வேலை செய்கிறேன். முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துவைப்பது, கருவாக வளர்ப்பது, உடனே வைக்க முடியாததைப் பத்திரப்படுத்துவது, கேட்கும்போது எழுப்பிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. “கருவை ஃப்ரீஸர்ல போட்டு வைப்பீங்களாமே?” என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதாரணமாக உறையவைத்தால் கரு செத்துப்போகும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஊசி ஊசியாக முளைத்து உயிரணுவைக் குத்திக் கிழித்துவிடும். நாங்கள் செய்வது வேறு. கருவிலிருந்து தண்ணீரை முடிந்தவரை இறக்கி, பாகு மாதிரியான கரைசலை ஏற்றி, ஸ்ட்ரா என்று நாங்கள் சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் ஒரு பொட்டாக வைத்து, சட்டென்று திரவ நைட்ரஜனில் முக்குவோம். பனியாவதற்கு நேரமே கிடைக்காமல் அந்தப் பொட்டு கண்ணாடியாக நின்றுவிடும். உள்ளே இருக்கும் உயிரும் அப்படியே நிற்கும். சர்க்கரைப் பாகை முற்றக் காய்ச்சி வேகமாக ஆறவைத்தால் கண்ணாடி போல மிட்டாய் வருமே, அதுபோலத்தான். அந்த மிட்டாயை ஈரக்கையால் எடுத்தெடுத்துப் பார்த்தால் பூத்துப்போய் மணல்மணலாகிவிடும் என்பதும் அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும்.

அந்த ஸ்ட்ராவில் இருந்தது என் தங்கையின் ஒரே கரு. அவளுக்குச் சினைப்பையில் கட்டி வந்தது. இரண்டு பக்கமும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன்னால் அவசர அவசரமாகக் கிடைத்த முட்டைகளை நான்தான் வாங்கினேன். அவற்றில் கருவாகித் தேறியது ஒன்று. அந்த ஒன்றை என் கையாலேயே கண்ணாடியாக்கி டேங்கில் இறக்கினேன். இனி அவளிடமிருந்து முட்டை வராது. அவளுக்கு உடம்பு தேறியதும் இதை எழுப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அதற்கு அவள் பெயரும் வைத்துவிட்டாள். போன் செய்தால் தன் உடம்பைப் பற்றிப் பேச மாட்டாள்.

“கண்ணாடிக் குட்டி எப்படி இருக்கா?” என்பாள்.

“சமத்தா தூங்குறா. அழறதில்ல, பால் கேக்கறதில்ல.”

“அவங்க அப்பா மாதிரி. தூக்கம்னா போதும்” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் தினமும் போனை எடுத்தேன்.

லேபில் நாங்கள் இரண்டே பேர். நானும், புதிதாக வந்த ஒருவரும். புதியவருக்கு நான் வைத்த பெயர் பூனை. லேபுக்குள் யாரும் சென்ட் போடக் கூடாது, கருவுக்கு ஆகாது. ஆனால் இந்த மனிதரிடம் சோப்பு வாசனைகூட வராது. ரப்பர் செருப்பில் சத்தமே இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். திரும்பினால் முகமூடிக்கு மேலே இரண்டு கண். எனக்கு ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப்போடும். வந்த முதல் நாளே டேங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல உங்க தங்கச்சியோடது இருக்காமே மேடம்?” என்று கேட்டார். யார் சொன்னார்கள், எதற்குக் கேட்டார் என்று ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டு, “ஒண்ணுதானாமே” என்று ஒரு சேர்க்கை வேறு.

சந்தேகம் எங்கள் தொழிலுக்குச் சோறு போடும் குணம். ஒருவர் ஸ்ட்ராவைத் தூக்கினால் இன்னொருவர் பக்கத்தில் நின்று பெயரை உரக்கப் படிக்க வேண்டும். தூக்கியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தனி ஆளாக யாரும் டேங்கைத் தொடக் கூடாது. கணவன் மனைவியே ஒரே லேபில் வேலை செய்தாலும் இதுதான் சட்டம். ஆள் மாறிய கரு என்று ஒன்று வெளியே போனால் ஒரு குடும்பம் இல்லை, இரண்டு குடும்பம் நாசமாகும். ஆக, நான் பூனையைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

அன்று மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது கதவைச் சாத்திவிட்டுத் தனியாகவே டேங்கைத் திறந்தேன். கூடையைத் தூக்கி, ஸ்ட்ராவைப் பிடித்து, கழுத்துக்கு மேலே கொண்டுவந்தேன். கொண்டுவராமல் முடியாது. உள்ளே புகை மூட்டம், லேபிளில் வெள்ளைப் பூச்சு. கையுறைக் கட்டைவிரலால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும். தங்கையின் பெயர்தான். மூச்சு திரும்பி வந்தது. சட்டென்று உள்ளே இறக்கி, லேபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்தது வேண்டுமென்றே. மறுபடி யாராவது தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

வெளியே எடுத்தால் கண்ணாடிக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்தச் சிறு பொட்டுக்கு வெளிக்காற்றே நெருப்பு. ஆனால் ஒரு தடவை, அதுவும் என் வேகத்தில் என்றால் ஒன்றும் ஆகாது. இந்த லேபில் என் அளவுக்கு வேகமான கை யாருக்கும் இல்லை என்று டாக்டரம்மாவே சொல்வார்.

சில நாள் கழித்துப் பார்த்தால் மறுபடி வாசல்பக்கம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். எனக்கு முன்னாலேயே லேபுக்கு வந்துவிடுகிறார். நான் நுழையும்போது டேங்கின் அடியில் தரை ஈரமாக இருக்கிறது. தடித்த கையுறை ஆணியில் சில்லென்று தொங்குகிறது. நான் எட்டிப் பார்த்தால், “நைட்ரஜன் லெவல் பார்த்தேன் மேடம்” என்று அளவுகோலைக் காட்டுகிறார். அளவுகோலில் பனி படிந்திருப்பதும் உண்மைதான். திருடனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? தேநீருக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். நான் வெளியே போனால்தான் அவர் குடிப்பார், அவர் வெளியே போனால்தான் நான் டேங்கைப் பார்ப்பேன். இப்படியே வேலை நடந்தது.

அவர் என்னதான் செய்கிறார் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். எதையாவது கீழே போட்டுவிட்டு வேறு யாருடையதையோ அந்த இடத்தில் வைத்துவிட்டாரா? லேபிளை மட்டும் உரித்து ஒட்டுகிறாரா? நினைக்க நினைக்கக் கை பரபரக்கும். லேபிளைப் படித்தால்தான் நெஞ்சு அடங்கும். படித்து, தேய்த்து, ஓரம் உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, உள்ளே இறக்கி, சுவர்ப்பக்கம் திருப்புவேன். ஒவ்வொரு தடவையும் அதுதான் கடைசி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

தங்கையிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை.

“புதுசா ஒரு ஆள் வந்திருக்கான். பூனை மாதிரி நடக்கறான். எனக்கு என்னமோ அவன்மேல நல்ல எண்ணம் வரல.”

“ஐயோ, கண்ணாடிக்குப் பக்கத்துல விடாதக்கா அவனை.”

“என்னைத் தாண்டி அவன் என்ன செஞ்சுடுவான்? நான் இருக்கேன்ல?”

“நீ இருக்கன்னுதான் நான் தூங்கறேன்” என்றாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவிடம் போனேன். மருத்துவமனை அவருடையது. நாற்காலியில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். லேபின் கேமரா வாசலை மட்டும்தான் காட்டுகிறது, டேங்குப் பக்கம் ஒன்று வையுங்கள் என்றேன்.

“ஆதாரம் இருக்கா?”

“லேபிள் திரும்பியிருக்கு.”

“லேபிள் திரும்பினதுக்கெல்லாம் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்ப முடியுமா?” என்று சிரித்தார். பிறகு, “நீங்க அவரைக் கவனிக்கிறீங்க, சரி. அவரும் உங்களைக் கவனிக்கட்டும். ரெண்டு காவல் இருந்தா லேபுக்கு நல்லதுதானே?” என்றார். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒளிந்திருந்தது. பூனை எனக்கு முன்னாலேயே இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நேருக்கு நேர் ஒரே ஒரு தடவை கேட்டேன். கை கழுவும் தொட்டியருகே நின்றிருந்தோம்.

“சார், நான் இல்லாதப்ப டேங்கைத் திறக்கிறீங்களா?”

அவர் குழாயை மூடவில்லை. “நீங்க திறக்கிறதில்லையா மேடம்?” என்றார். முகமூடிக்கு மேலே அந்த இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன. நான் கையை உதறிவிட்டு நகர்ந்தேன். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு நாள் குறித்தாயிற்று. காலையிலேயே வந்துவிட்டாள். கருவை வைக்கும்போது ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். லேபுக்கும் அந்த அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கருவை அதன் வழியாகத்தான் கொடுப்போம். அந்த ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வெளியே வராந்தாவில் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

அன்று நானும் பூனையும் சட்டப்படி சேர்ந்தே டேங்கைத் திறந்தோம். அவர் பெயரை உரக்கப் படித்தார். நான் திருப்பிச் சொன்னேன். அவர் லேபிளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்ட்ராவின் நுனியை வெதுவெதுப்பான கரைசலில் முக்கினேன். கரு கழன்று மிதந்தது. என் கருதான், அதாவது நான் வைத்த கருதான். கருவைச் சுற்றிய மெல்லிய ஓட்டின் ஒரு பக்கம் லேசான நசுங்கல், அன்றே பார்த்து வைத்த அடையாளம். யாரும் மாற்றவில்லை. ஒரு நொடி எனக்கு அழுகையே வந்தது.

பிறகு காத்திருந்தோம். எழுப்பிய கரு முதலில் சுருங்கித்தான் இருக்கும். தண்ணீரைக் குடித்து மெல்ல உப்பி வட்டமாகும். அது உப்பினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்தேன். அவர் பார்த்தார். மறுபடி நான் பார்த்தேன். அது சுருங்கியபடியே கிடந்தது. நடுவில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. ஓரத்து அணுக்கள் உடைந்து கலங்கின. இத்தனை வருஷத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். வெளிக்காற்றில் சூடேறி, மறுபடி குளிரில் போய், மறுபடி சூடேறி, கண்ணாடிக்குள் பனி ஊசி முளைத்துவிட்ட கரு இப்படித்தான் இருக்கும்.

“அக்கா, எவ்ளோ நேரம்? எனக்கு முட்டிக்கிட்டு வருது” என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கை கூப்பிட்டாள். நர்ஸ் சிரித்தாள்.

நான் பூனையின் பக்கம் திரும்பினேன். குரலை அடக்கத்தான் பார்த்தேன். “வெளிய எடுத்திருக்கே. அடிக்கடி எடுத்திருக்கே. சொல்லு, எதுக்கு எடுத்த?” மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவர் முகமூடியை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது. “பேர் பார்க்கத்தான் எடுத்தேன். உள்ள வெச்சு வாசிக்க முடியல, பூச்சு மூடியிருந்துச்சு.”

“எதுக்குப் பார்க்கணும்?”

“நீங்க மாத்திடுவீங்கன்னு.” அவருக்கு வார்த்தை திக்கியது. “முன்னாடி நான் இருந்த இடத்துல ஒரு மேடம் அவங்க சொந்தக்காரங்களுக்காக நல்ல கருவா பார்த்து மாத்திட்டாங்க. சாட்சிக்கு நின்னவன் நான். பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லிட்டேன். அதோட என் பேரு போச்சு. இங்க வந்தா, டேங்க்ல உங்க தங்கச்சியோடது. அதுவும் ஒண்ணே ஒண்ணு, சுமாரான கரு. பக்கத்து ஸ்ட்ராவுல எல்லாம் முதல் தரம். நான் என்ன நினைப்பேன்? முதல்ல ஒரு தடவை எடுத்துப் பார்த்து, லேபிளை வாசல்பக்கம் திருப்பி வெச்சேன். யாராவது தொட்டா தெரியட்டும்னு. அடுத்த தடவை பார்த்தா சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கு. மாத்திட்டாங்களோன்னு எடுத்துப் பார்த்தேன், பேர் சரியா இருந்துச்சு. மறுபடி வாசல்பக்கம் வெச்சேன். மறுபடி சுவர்ப்பக்கம்...”

அவர் நிறுத்திவிட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது போலிருக்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்தார். “சுவர்ப்பக்கம் திருப்பினது நீங்களா மேடம்?”

ஒரு தடவை எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்த அதே நினைப்பில் அவரும் இருந்திருக்கிறார். அவருடைய வேகத்தின்மேல் அவருக்கும் நம்பிக்கை. நான் என் தடவைகளை மட்டும் கணக்கில் வைத்திருந்தேன், அவர் தன்னுடையதை. கண்ணாடி இரண்டையும் சேர்த்துத் தாங்கியிருக்கிறது, தாங்க முடிந்தவரை. யாரும் திருடாத ஒன்றைத் திருடு போகிறதா என்று பார்த்துப் பார்த்தே கொன்றிருக்கிறோம்.

டாக்டரம்மா கையுறையோடு ஜன்னலருகே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்ரோஸ்கோப் படத்தைத் திரையில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்து சொன்னீங்க” என்றார் மெதுவாக. “ரெண்டு பேருமே சொன்னீங்க. நான் சிரிச்சேன்.” தங்கையிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை.

தங்கை உயரமான படுக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். போர்வையை மோவாய்வரை இழுத்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “எழுந்துட்டாளா?”

“இல்லடா.”

“இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே?”

“பார்த்தாச்சு. எழுந்துக்க மாட்டா.”

அவள் விட்டத்து விளக்கையே பார்த்தாள். நர்ஸ் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். திறந்திருந்த ஜன்னலில் பூனை நின்றிருந்தார். தங்கை தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். ரப்பர் செருப்பையும் சத்தமில்லாத நடையையும் நான் சொல்லியே அவளுக்குத் தெரியும்.

“அந்த ஆள்தானே?” என்றாள். “நீ அன்னைக்கே சொன்னியேக்கா. அவன்தானே ஏதோ செஞ்சுட்டான்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். ஆயுசுக்கும் நம்புவாள். அவர் மறுக்கவும் இல்லை, என்னைக் காட்டவும் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று முதல் தடவையாகச் சந்தேகமில்லாத கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைதான் என்னை உடைத்தது.

“அவர் எதையும் மாத்தல. இருக்கான்னு எடுத்துப் பார்த்தார். நானும் எடுத்துப் பார்த்தேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி.”

“பார்த்தா என்ன ஆகும்?”

“வெளிக்காத்து பட்டா கண்ணாடி கெட்டுப்போயிடும்.”

“உனக்குத் தெரியுமா அது?”

“தெரியும்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். திட்டுவாள், அழுவாள், என் கையைத் தட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்போ இனிமே அடக்கி வெச்சிருக்க வேண்டாம்ல?” என்றாள்.

இறங்குவதற்குக் கை கொடுத்தேன். அவள் படுக்கையின் விளிம்பைப் பிடித்துத் தானாகவே இறங்கி, சுவரைத் தடவித் தடவிப் பாத்ரூம் பக்கம் நடந்தாள்.